உப்புக் குறைந்ததா, நீர் மிகுந்ததா?

இறக்காமத்திலிருந்து ஒரு மாணவி நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். உயர்தர வகுப்பில் உயிரியல் பயில்பவர். தம் வீட்டில் நேர்ந்த ஒரு துன்பத்தை விவரித்து, அதிலிருந்து மூன்று கேள்விகளையும் எழுப்பியிருந்தார். அவருக்குத் தனியே மறுமொழி எழுதி முடித்துவிடாமல், குடும்பங்கள் யாவற்றிற்கும் பயன்படும் வண்ணம் இவ்வாரம் இப்பகுதியிலேயே விடையிறுக்க எண்ணினோம்.

அவருடைய மூத்தம்மாவுக்கு வயது 72. இரத்த அழுத்தத்திற்காகப் பல ஆண்டுகளாகக் கிளினிக் மருந்து உண்டு வருபவர். கச்சான் காற்று அனலாய் வீசிய நாட்களில், பழைய மருந்தோடு நீர் மாத்திரை ஒன்றும் புதிதாகச் சேர்க்கப்பட்டது. வெயிலின் கொடுமையால் மூத்தம்மாவுக்குச் சோறு பிடிக்கவில்லை. தண்ணீர்க் கஞ்சியும் தேத்தண்ணியுமே ஆகாரமாயின. "உடம்பு காய்ந்துவிடும் உம்மா, தண்ணீரை நல்லாகக் குடியுங்கள்" என்று மக்கள் அன்போடு வற்புறுத்தினர். அவரும் தட்டாமல் குடித்தார்.

மூன்றாம் வாரத்தில் தலையிடியும் குமட்டலும் தோன்றின. கிணற்றடியில் ஒரு நாள் கால் தடுமாறினார். மறுநாள் பேத்தியைப் பார்த்து, என்றோ மறைந்துபோன தம் ராத்தாவின் பெயர் சொல்லி அழைத்தார். உண்ட சோற்றை உண்ணவில்லையென்று சாதித்தார். வயது போனால் இப்படித்தான் என்றார் ஒருவர். கண்ணூறு என்றார் மற்றொருவர். பாரிசவாதமோ என்று அஞ்சினார் வேறொருவர். அன்றிரவே வலிப்பு வந்தது. வாகனம் பிடித்து வைத்தியசாலைக்கு விரைந்தார்கள். இரத்தத்தைப் பரிசோதித்த டொக்டர், "உம்மாவின் இரத்தத்தில் உப்பு மிகவும் குறைந்துவிட்டது. 135க்கு மேல் இருக்க வேண்டிய சோடியம் 112தான் இருக்கிறது" என்றார்.

"உப்புப் போட்டுத்தானே ஆக்குகிறோம், டொக்டர்!" என்று திகைத்தார் மாணவியின் மாமா. உப்புக் குறைந்தவருக்கு உப்பை அள்ளிக் கொடுப்பார்கள் என்று எண்ணியிருக்க, குடிக்கும் தண்ணீரை அளந்து கொடுக்கச் சொன்னார்கள். வலிப்பு நிற்பதற்காக முதலில் சிறிதளவு சேலைன் ஏற்றியவர்கள் பின்னர் அதனையும் நிறுத்திவிட்டார்கள். "இன்னும் இரண்டு போத்தல் ஏற்றினால் நாளைக்கே வீட்டுக்குக் கொண்டு போகலாமே!" என்று மாமா மன்றாடினார். டொக்டர் இணங்கவில்லை. சில மணிக்கொரு முறை இரத்தம் எடுத்தார்கள். மெல்ல மெல்லத்தான் ஏற வேண்டும் என்றார்கள். ஏழைகளென்பதால் அலட்சியம் செய்கிறார்களோ என்று மாமாவின் மனம் கொதித்தது. ஆறாம் நாள் மூத்தம்மா தெளிந்த அறிவோடு, பேத்தியின் பெயரைச் சரியாகச் சொல்லி அழைத்து, வீடு திரும்பினார்.

மாணவியின் கேள்விகள் இவை: உப்பு உண்டு வந்தவருக்கு உப்புக் குறைந்தது எவ்வாறு? உப்புக் குறைந்தால் தண்ணீரைக் குறைப்பானேன்? மருந்து கையிலிருக்க மெதுவாகக் கொடுப்பானேன்?

கோப்பையும் சீனியும்

நாம் சமையலில் இடும் உப்பு, சோடியம், குளோரின் என்னும் இரண்டு மூலகங்களின் சேர்க்கை. சோடியத்தை 1807ஆம் ஆண்டில் ஹம்பிரி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி மின்சாரத்தின் துணைகொண்டு முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். நம் உடலிலே இரத்தத்திலும், உயிரணுக்களுக்கு வெளியே உள்ள நீரிலும் நிறைந்திருப்பது இதுவே. இரத்தத்தின் நீர்ப்பகுதியில் லீற்றர் ஒன்றுக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருப்பது இயல்பு. ஏறத்தாழ 3 கிராம் சோடியம் என்று கொள்ளலாம். 135க்குக் கீழே இறங்கினால் சோடியக் குறைவு. 125க்கும் கீழே சென்றால் அது கடுமையானது என்பது வைத்தியர்களின் கணக்கு.

இந்த எண் உடலிலுள்ள உப்பின் மொத்த அளவைக் காட்டுவதன்று என்பதை இங்கே நன்றாக மனத்திற் கொள்ள வேண்டும். ஒரு லீற்றர் நீருக்கு எவ்வளவு உப்பு என்னும் விகிதத்தையே அது காட்டுகின்றது. ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் இரண்டு கரண்டி சீனி இட்டுக் கலக்கியிருக்கிறோம். அதனை ஒரு குவளையில் ஊற்றி, மேலும் ஒரு கோப்பை வெந்நீர் சேர்த்தால் இனிப்புக் குறைந்துவிடும். சீனி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, நீர்தான் மிகுந்தது. அவ்வாறே இரத்தத்தில் சோடியம் குறைந்தது என்று வைத்தியர் சொல்லும்போது, பெரும்பாலான வேளைகளில் நிகழ்ந்திருப்பது உப்பின் வறுமை அன்று, நீரின் மிகுதியே. உப்பும் நீரும் ஒருங்கே போய், நீர் மட்டும் திரும்பி வந்து நிரம்புவதும் உண்டு.

குளத்தின் துருசும் வட்டவிதானையும்

இறக்காமத்துக் குளத்தை அறியாதவர் அவ்வூரில் இல்லை. மழை மிகுந்தால் வான் பாய வேண்டும். கோடையில் துருசை அடைத்து நீரைச் சேமிக்க வேண்டும். எந்த நேரத்தில் எவ்வளவு திறப்பது என்பதை வட்டவிதானை பார்த்துக்கொள்வார். அவர் பிழைவிட்டால் வட்டையெல்லாம் வெள்ளமாகும், அல்லது வரண்டு போகும்.

நமது உடலிலும் அத்தகைய ஏற்பாடு உண்டு. சிறுநீரகமே துருசு. மூளையின் அடிப்பாகத்திலே உருவாகி, பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பியிலிருந்து இரத்தத்திற் கலக்கும் ஒரு சுரப்புநீரே வட்டவிதானை. அதனை நீர்காக்கும் சுரப்பு என்று சொல்லலாம். இரத்தம் செறிவடைந்தால் தாகம் எடுக்கிறது. இச்சுரப்பும் பெருகிச் சிறுநீரைக் குறைக்கிறது. இரத்தம் நீர்த்துப் போனால் சுரப்பு நின்றுவிடுகிறது. சிறுநீரகம் மேலதிக நீரைத் தெளிந்த சிறுநீராக வெளியேற்றிவிடுகிறது. நல்ல உடல்நிலையிலுள்ள ஒருவர் ஒரு நாளில் பத்து லீற்றருக்கு மேற்பட்ட நீரைக்கூட வெளியேற்ற வல்லவர். ஆகவே தண்ணீர் குடித்ததனால் மட்டும் எல்லோருக்கும் இந்நோய் வருவதில்லை. துருசு திறவாமற் போகும்போதுதான் வருகின்றது.

மூத்தம்மாவுக்குத் துருசு ஏன் திறக்கவில்லை? இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்ந்தன.

முதலாவது, நீர் மாத்திரை. இரத்த அழுத்தத்திற்குத் தயசைட் இனத்தைச் சேர்ந்த மாத்திரைகள் உலகெங்கும் வழங்கப்படுகின்றன. நல்ல மருந்துகள், பலரைப் பாரிசவாதத்திலிருந்தும் இருதய நோயிலிருந்தும் காத்தவை. அவை சிறுநீரின் வழியே உப்பை வெளியேற்றுகின்றன. ஆனால் சிலரிடத்தில், சிறப்பாக முதியோரிடத்திலும் மெலிந்த பெண்களிடத்திலும், சிறுநீரை நீர்க்கச் செய்யும் ஆற்றலைக் குறைத்துவிடுகின்றன. உப்புப் போகிறது, நீர் தங்குகிறது. மருந்து தொடங்கிய முதற் சில வாரங்களிலேயே இது பெரும்பாலும் வெளிப்படும்.

இரண்டாவது, ஆகாரக் குறைவு. சிறுநீர் ஒருபோதும் வெறும் நீராக வெளியேறுவதில்லை. ஒவ்வொரு லீற்றரும் தன்னோடு சிறிதளவு உப்பையும் யூரியாவையும் ஏற்றிக்கொண்டே செல்ல வேண்டும். யூரியா எங்கிருந்து வருகிறது? மீன், இறைச்சி, முட்டை, பருப்பு ஆகிய புரத உணவுகளிலிருந்து. கஞ்சித் தெளிவையும் தேத்தண்ணியையும் மட்டும் உட்கொள்பவரிடத்தில் அவ்வண்டிச் சரக்கு இல்லை. ஆகவே நீரும் புறப்படுவதில்லை. மேல்நாடுகளில் தேநீரும் ரொட்டியுமாகக் காலம் கழிக்கும் தனித்த முதியோரிடத்தில் வைத்தியர்கள் இதனை நெடுங்காலமாகக் கண்டுவருகிறார்கள். நம் வீடுகளிலோ மக்கள் சூழ இருந்தும், பசியில்லை என்ற ஒரு சொல்லுக்கு இணங்கி நாம் முதியோரை அந்நிலைக்கு விட்டுவிடுகிறோம்.

இவ்விரண்டோடு அன்புடையோரின் வற்புறுத்தலும் சேர்ந்தது. வந்த நீருக்குப் போக வழியில்லை. மாணவியின் முதலிரு கேள்விகளுக்கும் இதுவே விடை. உப்பிட்ட கறியை உண்டாலும் நீர் தேங்கினால் விகிதம் விழும். விழுந்த விகிதத்தை நிமிர்த்தத் தண்ணீரை அளக்க வேண்டும், மாத்திரையை நிறுத்த வேண்டும்.

மண்டையோடு விரியாது

சோடியம் குறைந்தால் மூளை தடுமாறுவது ஏன்? உப்புக் குறைந்த இடத்திலிருந்து உப்பு மிகுந்த இடத்திற்கு நீர் ஊடுருவும் என்பதை மாணவர்கள் பாடத்திற் படித்திருப்பர். உலர்ந்த கொண்டைக்கடலையை நீரில் இட்டால் பருப்பதைக் காணாதார் யார்? இரத்தம் நீர்த்துவிட்டால் நீர் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றைப் பருக்கச் செய்கின்றது. தசையும் தோலும் சிறிது பருத்தால் கேடில்லை. மூளையோ எலும்புப் பேழைக்குள் அடைபட்டிருப்பது. அதற்கு விரிய இடமில்லை. அதனாலேயே தலையிடி, குமட்டல், தள்ளாட்டம், குழப்பம், அளவு மீறிய தூக்கம் ஆகியவை தோன்றி, ஈற்றில் வலிப்பும் உணர்விழப்பும் நேர்கின்றன.

ஆயினும் மூளை சும்மா இருப்பதில்லை. நீர் புகுந்த சில மணி நேரத்திலேயே தன்னகத்துள்ள பொட்டாசியம் முதலிய உப்புக்களையும் வேறு சில கரைபொருள்களையும் வெளியே தள்ளத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நாட்களில் தன் பருமனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முயல்கிறது. இதனால்தான் மெல்ல மெல்லச் சோடியம் குறைந்தவர் 115லும் பேசிக்கொண்டிருக்க, ஒரே நாளில் குறைந்தவர் 125லேயே வலிப்புக்கு ஆளாகக்கூடும்.

மூன்றாம் கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. தன் சரக்கை வெளியேற்றி, நீர்த்த இரத்தத்தோடு இணங்கி வாழப் பழகிவிட்ட மூளையைச் சூழ, திடீரென்று உப்பைக் கூட்டிவிட்டால் என்ன நேரும்? நீர் வெளியே பாய்ந்தோடி மூளையணுக்கள் வற்றிச் சுருங்கும். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்னும் உறை சிதையும். மூளைத் தண்டின் நடுவிலே இச்சிதைவு நேர்வதை 1959ஆம் ஆண்டில் ஆடம்ஸ், விக்டர், மன்கால் என்னும் அமெரிக்க வைத்தியர்கள் முதன்முதலில் எழுதினர். மதுவுக்கு அடிமையானோரிடத்தும் ஊட்டம் குன்றியோரிடத்தும் அதனை அவர்கள் கண்டனர். காரணம் அப்போது விளங்கவில்லை. பின் வந்த பத்தாண்டுகளில்தான், சோடியத்தை விரைந்து ஏற்றியதற்கும் அதற்கும் உள்ள தொடர்பு தெளிவாயிற்று. நோயாளி முதலில் தேறுகிறார், வீட்டார் மகிழ்கின்றனர். இரண்டு நாளோ ஆறு நாளோ கழித்துப் பேச்சுக் குழறுகிறது, விழுங்க முடிவதில்லை, கைகால்கள் அசைவற்றுப் போகின்றன.

ஆகவேதான் வைத்தியர் தமக்குத் தாமே ஒரு வேலி கட்டிக்கொள்கிறார். 2014ஆம் ஆண்டில் ஐரோப்பிய வைத்திய சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டியின்படி, முதல் 24 மணி நேரத்தில் 10 மில்லிமோலுக்கு மேலும், அதன்பின் ஒவ்வொரு 24 மணி நேரத்திலும் 8க்கு மேலும் ஏற்றலாகாது. ஊட்டம் குறைந்தவர், ஈரல் நோயாளர், பொட்டாசியம் குறைந்தவர் ஆகியோருக்கு முதல் நாளிலேயே 8க்குள் நிறுத்துவோர் பலர். இவ்வெல்லை சற்று இறுக்கமானதோ என்னும் வாதம் அண்மை ஆண்டுகளில் எழுந்துள்ளது. ஆயினும் நெடுநாட் சோடியக் குறைவில் அவசரம் கூடாது என்பதில் ஐயமில்லை.

மூத்தம்மாவின் இரத்தக் கணக்கை மாணவி குறித்து அனுப்பியிருந்தார்: 112, 119, 125, 130. நாளொன்றுக்கு ஏழு, ஆறு, ஐந்து! இவ்வெண்களைப் படித்தபோது, அந்த விடுதியில் இரவெல்லாம் கண்விழித்துக் கணக்குப் பார்த்த வைத்தியருக்கும் தாதியருக்கும் நாம் மனத்தினால் நன்றி கூறினோம். மாமா அலட்சியம் என்று கருதியதுதான் அங்கு நடந்த வைத்தியத்திலேயே மிகக் கவனமான பகுதி.

வலிப்பு வந்தவருக்கு மட்டும் முதலில் சேலைன் ஏற்றியது ஏன் என்று கேட்கலாம். அது சாதாரணச் சேலைன் அன்று. சாதாரணச் சேலைனில் லீற்றருக்கு 9 கிராம் உப்பு. அதில் 30 கிராம். கல்முனைக் கடல்நீரின் உவர்ப்புக்கு அதிகம் குறைந்ததன்று! வீக்கத்தால் மூளை நெருக்குண்டு வலிப்பு வந்தவருக்குத் தாமதமே எமன். அதனால் இந்தச் செறிந்த சேலைனில் 150 மில்லிலீற்றரை ஏறத்தாழ 20 நிமிடத்தில் ஏற்றுகிறார்கள்; வேண்டுமானால் மீண்டும் கொடுக்கிறார்கள். சோடியம் 4 முதல் 6 வரை உயர்ந்தால் பெரும்பாலும் ஆபத்துத் தணிந்துவிடும். தணிந்தவுடன் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும். முதல் மணி நேரத்தில் துணிவு, அதன்பின் பொறுமை. இவ்விரண்டும் ஒருங்கே வேண்டிய வைத்தியம் இது.

இன்னொரு வியப்பும் உண்டு. காரணம் நீங்கியதும் சிறுநீரகம் சில வேளைகளில் அடைத்த துருசைத் திடீரென்று திறந்து, நீரைக் கொட்டிவிடுகிறது. சோடியம் வேலி தாண்டி ஏறுகிறது. அப்போது வைத்தியர் மீண்டும் நீரைக் கொடுத்து எண்ணைக் கீழே இறக்க நேரும். சில மணிக்கொரு முறை இரத்தம் எடுப்பதும் சிறுநீரை அளப்பதும் இதற்காகவே.

ஒரே எண், வேறு வேறு நோய்

சோடியக் குறைவு ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களின் அடையாளம். வைத்தியர் நோயாளியின் நாக்கையும் தோலையும் காலையும் பார்த்து, இரத்தத்தோடு சிறுநீரையும் பரிசோதித்து, மூன்று கூறாக வகுத்துக்கொள்கிறார்.

முதற் கூறு, வற்றியவர்கள். சத்தி, வயிற்றோட்டம் முதலியவற்றால் உப்பும் நீரும் ஒருங்கே இழந்தவர்கள். 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இறக்காமம் வாங்காமத்திலே கந்தூரி உணவு நஞ்சாகிப் பல நூறு பேர் வைத்தியசாலைகளை நாடியதையும், உயிர்கள் சில பிரிந்ததையும் அப்பகுதியார் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய வேளைகளில் உடல் இழப்பது வெறும் தண்ணீரையன்று. இழந்த உப்புக்குப் பதிலாக வெறும் நீரையே குடித்தால் சோடியம் மேலும் இறங்கும். இவர்களுக்கு உப்பும் வேண்டும், நீரும் வேண்டும். வைத்தியசாலையில் சாதாரணச் சேலைன், வீட்டில் ஜீவனி. உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் முறைப்படி, ஒரு லீற்றர் நீருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் பொட்டாசியம் முதலிய பிறவும் அளந்து சேர்க்கப்படுகின்றன. குளுக்கோசு இனிப்புக்காகச் சேர்க்கப்பட்டதன்று. குடற்சுவரிலே அதுவே சோடியத்தைக் கைபிடித்து உள்ளே அழைத்துச் செல்கிறது, நீர் பின்தொடர்கிறது. 1971ஆம் ஆண்டில் வங்காள அகதிகள் பொங்காவ் முகாமில் வாந்திபேதியால் மடிந்தபோது, சேலைன் தீர்ந்த நிலையில் டாக்டர் திலீப் மகலநபிஸ் இத்தகைய கரைசலைக் கலந்து கொடுக்கச் செய்தார். 30 சதவீதமாயிருந்த இறப்பு 4 சதவீதத்திற்கும் கீழே இறங்கிற்று.

வயலில் உழைப்போர் அறிய வேண்டிய எலிக்காய்ச்சலும் இக்கூற்றிற் சேரும். சேற்றிலே கலந்த எலியின் சிறுநீரிலிருந்து, கால் வெடிப்பு வழியாகப் புகும் கிருமி சிறுநீரகத்தைத் தாக்கி, உப்பையும் பொட்டாசியத்தையும் ஒழுகவிடுகிறது. வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சலும் தசைநோவும் கண்சிவப்பும் கண்டால் வைத்தியரிடம், "நான் வயலில் நின்றேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாங் கூறு, வீங்கியவர்கள். இருதயம் தளர்ந்தோர், ஈரல் கெட்டோர், சிறுநீரகம் பழுதுற்றோர் சிலரிடத்தில் காலும் வயிறும் வீங்கும். இவர்கள் உடலில் உப்பு மிகுதியாகவே உள்ளது. நீர் அதனினும் மிகுதி. இரத்தப் பரிசோதனையோ சோடியம் குறைவு என்கிறது! அதனைக் கேட்டு உப்புக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தால் நெஞ்சிலே நீர் கோத்து மூச்சுத் திணறும். முதற் கூற்றாருக்கு அமுதமானது இவர்களுக்கு நஞ்சாகிறது. இவர்களுக்கு உப்பும் நீரும் இரண்டும் குறைய வேண்டும்.

மூன்றாங் கூறு, வற்றலுமில்லை, வீக்கமுமில்லை. வட்டவிதானை காரணமின்றித் துருசை அடைத்துவிட்ட நிலை இது. 1957ஆம் ஆண்டில் சுவார்ட்ஸ், பார்ட்டர் முதலிய வைத்தியர்கள் நுரையீரற் புற்றுநோயாளர் இருவரிடத்தில் இதனைக் கண்டு விளக்கினர். நியூமோனியா, மூளைக் காய்ச்சல், சில புற்றுநோய்கள், வலிப்பு நோய்க்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படும் சில மருந்துகள் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். தண்ணீரை அளத்தலே முதல் வைத்தியம். போதாவிடில் உப்பு மாத்திரை, யூரியா, அச்சுரப்பைத் தடுக்கும் மருந்து எனப் பல வழிகள் உண்டு. சாதாரணச் சேலைன் இவர்களில் சிலருக்குச் சோடியத்தை மேலும் இறக்கிவிடுவதும் உண்டு. தைரொயிட் சுரப்பு மிகக் குறைந்தவர்களிடத்தும், நெடுநாள் உட்கொண்ட ஸ்டீரொயிட் மாத்திரையைத் திடீரென நிறுத்தியவர்களிடத்தும் சோடியம் விழலாம். அவற்றையும் வைத்தியர் தேடிப் பார்ப்பார். நீரிழிவுக்காரர்களுக்குச் சீனி மிக உயர்ந்திருந்தால், அது அணுக்களிலிருந்து நீரை இழுத்துச் சோடியத்தைக் குறைத்துக் காட்டும். சீனி இறங்கினால் எண்ணும் நிமிரும்.

இளையோருக்கும் ஒரு சொல்

இது முதியோர் நோய் மட்டுமன்று. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் மரதனில் ஓடி முடித்தவர்களுள் 488 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது மிகுதியாக நீரருந்தி, உடல் நிறை கூடியவர்களிடத்திலேயே அது பெரிதும் காணப்பட்டது. பாடசாலை மரதனில் ஓடும் பிள்ளைகள் தாகத்திற்குக் குடித்தாற் போதும். போட்டி போட்டுக் குடிக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், தண்ணீர் வேண்டாம். மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிப் பால் கரைப்பதும் அபாயம். அச்சிறு சிறுநீரகம் மிகுநீரை வெளியேற்றும் வலிமை பெறவில்லை.

வீட்டார் செய்யத்தக்கவை

முதியவர் ஒருவர் சில நாட்களுக்குள் குழப்பமாகப் பேசத் தொடங்கினாலோ, காரணமின்றி விழுந்தாலோ, தூங்கிக்கொண்டேயிருந்தாலோ, வயது என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். முதுமை மெல்ல வருவது. திடீர்க் குழப்பம் நோயினால் வருவது. அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். வலிப்போ உணர்விழப்போ கண்டால் ஒரு நிமிடமும் தாமதியாதீர்கள். அந்நிலையில் வாயில் நீரோ உப்புக் கரைசலோ ஊற்றலாகாது.

வைத்தியசாலைக்குச் செல்லும்போது கிளினிக் கொப்பியையும், வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் இட்டுக் கொண்டு செல்லுங்கள். கடையில் தாமாக வாங்கியதையும், அயலார் கொடுத்ததையும் மறைக்க வேண்டாம். எந்த மாத்திரை எப்போது புதிதாகத் தொடங்கிற்று என்னும் ஒரு செய்தியே நோயின் முடிச்சை அவிழ்த்துவிடக்கூடும்.

நீர் மாத்திரை புதிதாகத் தொடங்கிய முதியோருக்குச் சில வாரங்களுக்குள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் ஒருமுறை பரிசோதிக்கலாமா என்று வைத்தியரைக் கேளுங்கள். வயிற்றோட்டமோ சத்தியோ கண்ட நாட்களில் அம்மாத்திரையை என்ன செய்வது என்றும், நோன்பு காலத்திற்கு முன் மருந்துகளை எவ்வாறு மாற்றுவது என்றும் கேட்டறியுங்கள். இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். நிறுத்திய மாத்திரையால் உயரும் இரத்த அழுத்தமும் உயிர் கொல்வதே.

ஜீவனியைப் பக்கற்றில் அச்சிட்ட அளவு நீரிலேயே கரையுங்கள். கண் மதிப்பில் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சோடியக் குறைவு என்னும் பெயரைக் கேட்டு நாளாந்தம் உப்பைக் கூட்டவும் வேண்டாம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே வளர்ந்தோருக்கு நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. முதியோருக்குத் தண்ணீரை வற்புறுத்துவதினும், ஒரு துண்டு மீனையோ முட்டையையோ பருப்பையோ அருகிருந்து ஊட்டுவது பேருபகாரம்.

இறக்காமத்து மாணவிக்கு ஒரு வார்த்தை. "தண்ணீர் குடியுங்கள் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி, நானே மூத்தம்மாவுக்குத் தீங்கு செய்துவிட்டேனோ?" என்று கடிதத்தின் அடியில், வேறு மையில், சிறிய எழுத்தில் எழுதியிருந்தீர்கள். நான்காவது கேள்வி என்று நீங்கள் அதற்கு எண் இடவில்லை. ஆயினும் உங்களை மிகவும் வருத்துவது அதுவே என்று உணர்ந்தோம். இல்லை, மகளே. அறியாமல் செய்த அன்பு குற்றமாகாது. அவர் தடுமாறியபோது வயது என்று விட்டுவிடாமல் இரவோடிரவாக அவரைக் கொண்டு சென்ற குடும்பம் உங்களுடையது. இனி அந்த அன்போடு இவ்வறிவும் சேரட்டும். மாமாவுக்கும் அந்த நான்கு எண்களை எடுத்துக் காட்டி விளக்குங்கள். அடுத்த கிளினிக் நாளில் அந்த டொக்டரைக் கண்டால், அவர் தாமே ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வருவார்.